பலகையில் எழுதாத வாடகை

கிழக்குத் தாம்பரத்திலிருந்து சேலையூர் போகும் வழியில் ஒரு கேட்டில் தொங்கிய பலகையில் 'டூ-லெட்' என்ற சொல்லும் ஒரு கைப்பேசி எண்ணும் மட்டும் இருந்தன. வாடகை எவ்வளவு என்று எழுதியிருக்கவில்லை. எந்தப் பலகையிலும் எழுத மாட்டார்கள். போன் போட்டால் முதலில் கேள்விகள் வரும். "எத்தனை பேரு சார்? எங்க வேலை? சொந்த ஊரு எது? சைவமா?" இத்தனைக்கும் பதில் சொல்லித் தேறிய பிறகுதான் தொகை. என்னிடம் 12,000 என்றார்கள். இரண்டு நாள் கழித்து, இன்னும் கல்யாணமாகாத என் நண்பர் அதே எண்ணுக்குப் பேசினார். அவரிடம் 14,000.

காய்க்கடையில் ஒரே தக்காளிக்கு ஆளுக்கு ஒரு விலை சொன்னால் சண்டை வந்துவிடும். வீட்டு விஷயத்தில் யாரும் சண்டை போடுவதில்லை. சொந்த ஊர் எது என்ற கேள்விக்குள் சாதி ஒளிந்திருக்கிறது என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். முஸ்லிம் குடும்பத்துக்கும், தனியாக வாழும் பெண்ணுக்கும், வேலைக்கு வந்த வடமாநில இளைஞர்களுக்கும் பல கதவுகள் போனிலேயே சாத்தப்படுகின்றன. திறந்திருக்கும் சில கதவுகளில் விலை ஏறுகிறது. ஒரு வீட்டின் வாடகை அதன் சதுர அடியைப் பொறுத்தது என்று நினைப்பவர்கள் வீடு தேடி அலைந்ததில்லை.

புறநகரில் ஒரு குடும்பம் தங்குவதற்கு உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்பதைத் தாம்பரத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்பது என் நோக்கம். இந்த ஊரை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் நான் இங்கே வாடகைக்கு இருந்தவன் என்பது மட்டும் அல்ல. 1928-இல் காசநோயாளிகளுக்கான சானடோரியம், 1931-இல் சென்னைக் கடற்கரையிலிருந்து மின்சார ரயில், 1937-இல் சென்னை கிறித்தவக் கல்லூரி, பின்னர் விமானப்படைத் தளம், 1984-இல் மெப்ஸ் ஏற்றுமதி வளாகம் என்று ஒவ்வொன்றும் வெளியூர்க்காரர்களை இங்கே இறக்கிவிட்டது. இறங்கியவர்கள் முதலில் வாடகைக்கு இருந்தார்கள். பலர் பிறகு மனை வாங்கி வீடு கட்டினார்கள். கட்டிய வீட்டின் மாடியை அடுத்து வந்தவர்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். 2011 கணக்கெடுப்பில் தாம்பரம் நகராட்சியின் மக்கள்தொகை 1,74,787. பல்லாவரம் நகராட்சியில் 2,15,417. இவற்றோடு பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, திருநீர்மலை பேரூராட்சிகளும் சேர்ந்து 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானது. பேர் மாநகராட்சி என்று மாறியதும் வாடகையும் மாநகர வாடகை ஆயிற்று. தெருவும் தண்ணீரும் பல இடங்களில் பேரூராட்சிக் காலத்திலேயே நிற்கின்றன.

சரி, அந்த 12,000 ரூபாய் வீட்டையே எடுத்துக்கொள்வோம். இரண்டு படுக்கையறை, முதல் மாடி, கீழே வீட்டுக்காரர்.

அட்வான்ஸ் பத்து மாதம். சென்னைப் பக்கத்தில் இது எழுதப்படாத சட்டம். 1,20,000 ரூபாய் வட்டியில்லாமல் வீட்டுக்காரர் கையில் இருக்கும். வங்கியில் வைத்தநிதி இருந்த ஒருவர் அதை உடைத்துக் கொடுக்கிறார் என்றால், 7 சதவீத வட்டிக்கு அவர் ஆண்டுக்கு 8,400, மாதத்துக்கு 700 ரூபாய் இழக்கிறார். ஆக அவருக்கு வாடகை 12,700. சேமிப்பு இல்லாத ஒருவர் ரெண்டு வட்டிக்கு வாங்கிக் கொடுக்கிறார். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் என்றால் 1,20,000-க்கு மாதம் 2,400. அவருக்கு வாடகை 14,400. ஒரே வீடு, ஒரே ஓனர், ஒரே தொகை. ஆனால் இல்லாதவருக்கு 1,700 ரூபாய் கூடுதல். வீட்டுக்காரர் இதில் தப்பு எதுவும் செய்யவில்லை, அவருக்கு இது தெரியக்கூடத் தெரியாது. வட்டிக்காரருக்கும் ஓனருக்கும் நடுவில் நின்று மாதாமாதம் கட்டுவது வாடகைக்காரர்.

அடுத்தது ஈபி. எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் ஒரு சப்-மீட்டர் இருந்தது. மாதம் முதல் தேதி வீட்டுக்கார அம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்து, டார்ச் அடித்து எண்ணைப் பார்த்து, நீல அட்டை போட்ட நோட்டில் குறித்துக்கொள்வார். யூனிட்டுக்கு எட்டு ரூபாய். அதில் ஒரு பைசா பேரம் கிடையாது. 2022 செப்டம்பரில் வந்த கட்டண வரிசைப்படி, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100-க்கு 2.25, அதற்கு மேல் 400 வரை 4.50 என்று இருந்தது. இரண்டு மாதத்தில் 300 யூனிட் செலவழிக்கும் குடும்பத்துக்குத் தனி இணைப்பு இருந்தால் அப்போது பில் 675 ரூபாய். சப்-மீட்டர் கணக்கில் 2,400.

இந்த வித்தியாசத்தைக் கண்டு கோபப்படுவதற்கு முன்னால் ஓனர் பக்கமும் பார்க்க வேண்டும். ஒரே இணைப்பில் இரண்டு குடும்பம் ஓடினால் மொத்த யூனிட் 500-ஐத் தாண்டிவிடும். மேல்படிகளின் கட்டணம் அவர் தலையில் விழும். இரண்டு வீடும் சேர்ந்து 800 யூனிட் என்று வைத்தால் அதே வரிசைப்படி 4,550 ரூபாய், அதாவது யூனிட்டுக்குச் சராசரி 5.70-க்குச் சற்றுக் குறைவு. மோட்டாருக்கும் படிவிளக்குக்கும் கொஞ்சம் சேர்த்தாலும் எட்டு வராது. அரசு ஏழைக்கும் நடுத்தரத்துக்கும் என்று கொடுத்த 100 யூனிட் இலவசம், மாடியில் குடியிருப்பவர் வரை ஏறி வருவதில்லை. படிக்கட்டுக்கு அடியிலேயே நின்றுவிடுகிறது.

பிறகு இடம் மாறும் செலவு. ஒப்பந்தம் 11 மாதம். 1908 பதிவுச் சட்டப்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பத்திரப்பதிவு செய்ய வேண்டும் என்பதால் பிறந்த எண் அது; இன்று காரணம் மறந்து, எண் மட்டும் சடங்காக நிற்கிறது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வீடு மாறுகிறோம் என்று வைத்துக்கொண்டால் புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 12,000, குட்டி யானை வண்டிக்கும் தூக்குகூலிக்கும் 8,000, காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று அட்வான்ஸில் கழிப்பது இன்னொரு 12,000. மொத்தம் 32,000. மாதத்துக்குப் பிரித்தால் 1,333. கேஸ் இணைப்பு முகவரி, ரேஷன் அட்டை, பிள்ளைகளின் பள்ளி வேன் இவற்றை மாற்ற எடுக்கும் விடுப்புகளை நான் கணக்கில் சேர்க்கவில்லை. குடிக்கக் கேன் தண்ணீர் மாதம் 12, கேனுக்கு 40 என்றால் 480.

சப்-மீட்டர் வித்தியாசத்தின் மாதப் பங்கையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால் வங்கிச் சேமிப்பை உடைத்தவருக்கு 12,000 வாடகை என்பது 15,375. வட்டிக்கு வாங்கியவருக்கு 17,075. என் கணக்கில் உள்ள தொகைகள் என் சொந்த நோட்டிலிருந்தும் அக்கம்பக்கத்து அனுபவத்திலிருந்தும் எடுத்தவை. உங்கள் தெருவில் ஐந்நூறு கூடலாம், குறையலாம். வாடகைக்கு மேலே ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காவது இன்னொரு வாடகை ஓடுகிறது என்பது மட்டும் மாறாது.

இப்போது கீழ்வீட்டுக்குப் போவோம். புறநகர் ஓனர் என்றதும் மாளிகை முதலாளி ஒருவரைக் கற்பனை செய்துகொண்டால் கணக்கு பிசகும். இந்தப் பக்கத்து ஓனர்களில் பலர் ரயில்வேயிலோ, பாதுகாப்புத் துறையிலோ, ஏதோ ஒரு தொழிற்சாலையிலோ வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள். மாடி வாடகைதான் அவர்களின் இரண்டாவது ஓய்வூதியம். சிலருக்கு ஒரே ஓய்வூதியம். 50 லட்சம் ரூபாய் வீட்டுக் கடனை 8.5 சதவீத வட்டிக்கு 20 ஆண்டில் கட்ட மாதம் ஏறத்தாழ 43,400 ஆகும். அந்தப் பணத்தில் வாங்கும் வீடு 15,000-க்குக்கூட வாடகைக்குப் போவது கஷ்டம். 60 லட்சம் மதிப்புள்ள வீடு 15,000-க்குப் போனால் ஆண்டு வருமானம் 1,80,000, அதாவது 3 சதவீதம். வங்கியில் போட்டால் இதைவிட இருமடங்குக்கு மேல் கிடைக்கும்.

விலையை வைத்துப் பார்த்தால் வாடகை மலிவு. சம்பளத்தை வைத்துப் பார்த்தால் வாடகை கொள்ளை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பதற்குக் காரணம் மனைவிலை. ரேடியல் ரோடு வழியாகத் துரைப்பாக்கம் வரை இணைப்பு கிடைத்ததும், 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்ததும் மனைவிலைக்குத்தான் முதலில் தெரிகிறது. சம்பளத்துக்கு அந்தச் செய்தி போய்ச் சேருவதே இல்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வாடகைக் கட்டுப்பாடு இந்த மாநிலத்தில் போர்க்காலக் குழந்தை. 1941-இல் இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் சென்னை வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது; 1946-இலும் 1949-இலும் சட்டங்கள் வந்தன; 1960-இன் சட்டம் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆண்டது. அதில் 'நியாய வாடகை' என்று ஒரு பிரிவு. குடியிருப்பு என்றால் மனையின் சந்தை மதிப்பும் கட்டடத்தின் மதிப்பும் சேர்த்து, அதில் ஆண்டுக்கு 9 சதவீதம் நியாய வாடகை. மனை மலிவாகக் கிடந்த காலத்தில் இது வாடகைக்காரருக்குக் கவசம். இன்று அதே சூத்திரத்தில் 60 லட்சம் வீட்டைப் போட்டால் மாதம் 45,000 வருகிறது, சந்தையில் 15,000-க்குப் போகும் வீட்டுக்கு! அதனால்தான் சென்னையில் நியாய வாடகை கேட்டு மனுப் போட்டவர்களில் பலர் வீட்டுக்காரர்களாக இருந்தார்கள். நியாயம் என்ற சொல்லை 9 என்ற எண்ணில் பூட்டி வைத்தார்கள். மனைவிலை பூட்டோடு தூக்கிக்கொண்டு போய்விட்டது.

மாதம் 400 ரூபாய்க்கு மேல் வாடகை உள்ள வீடுகளுக்கு அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது என்று ஒரு விலக்கும் இருந்தது. 1986-இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. 400 ரூபாய் கொடுப்பவர் பணக்காரர் என்று சட்டம் நம்பிய காலம் ஒன்று இருந்திருக்கிறது என்பதே இப்போது படிக்கையில் மூச்சடைக்கிறது.

1960 சட்டத்தை நீக்கிவிட்டு 2017-இல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்தது. நியாய வாடகை போயிற்று. இரு தரப்பும் ஒப்புக்கொண்டதே வாடகை. அதற்குப் பதிலாகச் சட்டம் கேட்பது எழுத்து. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகார அலுவலரிடம் பதிய வேண்டும். பதிவெண் பெற வேண்டும். வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாதவரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. காலி செய்தால் ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். தகராறு என்றால் தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தக் கூடாது. 2021-இல் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்த மாதிரிச் சட்டம் இன்னும் இறங்கி, குடியிருப்புக்கு இரண்டு மாத அட்வான்ஸ் போதும் என்றது.

தாம்பரத்துத் தெருக்களில் பத்து மாதம் பத்து மாதமாகவே இருக்கிறது. "வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாதவரை" என்ற சிறிய வாசலைத் திறந்து வைத்துவிட்டு, வீடு தேடி வெயிலில் நிற்பவரிடம் ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? நான் ஒருமுறை பதிவு பற்றி வாயைத் திறந்தேன். எங்கள் ஓனர் கோபப்படவில்லை. "தம்பி, நமக்குள்ள எதுக்கு அதெல்லாம்? நான் உங்கள நம்புறேன், நீங்க என்னை நம்புங்க" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்புக்குப் பின்னால் வருமான வரியும் இருந்தது. ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வாடகை கொடுத்ததாகச் சம்பளக்காரர் கணக்குக் காட்டினால் வீட்டுக்காரரின் பான் எண்ணைக் கொடுக்க வேண்டும். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 8,333. அதனால்தான் 12,000 வாடகைக்கு 8,300 என்று ரசீது எழுதும் பழக்கம் புறநகரெங்கும் உண்டு. மீதி 3,700 ரொக்கம். எழுதாததை எந்த நீதிமன்றத்தில் போய்க் கேட்பது? சட்டம் தாளைக் காக்கிறது. இங்கே பணம் தாளுக்கு வெளியே கை மாறுகிறது.

ஓனருக்கு வரும் எந்தச் செலவும் மேலே ஏறும்போது பெருத்துவிடும் என்பதையும் பார்த்திருக்கிறேன். 2022 ஏப்ரலில் சொத்து வரி கூடியது. சென்னையைத் தவிர்த்த மாநகராட்சிகளில் 600 சதுர அடிக்குள் 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. அரையாண்டுக்கு 2,000 ரூபாய் வரி கட்டிய ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு 1,000 கூடும். மாதக்கணக்கில் 167 ரூபாய். "வரி ஏத்திட்டான் சார்" என்று சொல்லி எங்கள் தெருவில் கூடிய வாடகை 500-லிருந்து 1,000 வரை. அறையைத் தலைக்கணக்கில் விடும் இடங்களில் வாடகை இன்னும் பெருத்துவிடும். பல்லாவரம் பக்கத்தில் தொழிலாளர்கள் ஆறு பேர் ஓர் அறையில் தலைக்கு 1,500 கொடுத்தால் அந்த ஒற்றை அறை 9,000 ஈட்டுகிறது. சதுர அடிக்குக் கணக்குப் பார்த்தால் நல்ல அடுக்குமாடியைவிட அதிக வாடகை கொடுப்பவர்கள் அவர்கள்தான்.

விலைவாசிக் குறியீட்டில் இதெல்லாம் தெரிகிறதா என்று தேடினேன். 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட நுகர்வோர் விலைக் குறியீட்டில் நகர்ப்புறத்துக்கு வீட்டுவசதியின் எடை 21.67 சதவீதமாக இருந்தது. ஊரகத்துக்கு? வீட்டு வாடகை என்ற இனமே அதில் இல்லை. கிராமத்தில் எல்லோருக்கும் சொந்த வீடு என்ற எண்ணம். பெருநகரத்தைச் சுற்றி, ஊராட்சி என்ற பெயரோடு அடுக்குமாடி எழும்பும் இடங்களை யார் நினைத்துப் பார்த்தார்கள்? வாடகை தாளாமல் ஒரு குடும்பம் நகரத்திலிருந்து 'ஊரக'ப் பகுதிக்குப் போனபோது, அதன் வாடகை அந்தக் குறியீட்டிலிருந்தே காணாமல் போனது. 2011 கணக்கெடுப்பில் நாட்டின் நகர்ப்புறக் குடும்பங்களில் 27.5 சதவீதம் வாடகைக்கு இருந்தன; அதே ஆண்டு நகரங்களில் பூட்டிக் கிடந்த வீடுகள் ஒரு கோடியே பத்து லட்சத்துக்கும் மேல். வீடு இல்லாமல் விலை ஏறுகிறது என்று முழுதாகச் சொல்லிவிட முடியாது. ஒப்பந்தத்தை நம்பாத ஓனர், பூட்டி வைப்பதே நிம்மதி என்கிறார்.

வாடகையைத் தீர்மானிக்கும் இன்னொன்று தாம்பரத்துக்கே உரியது. இங்கே வீடு பார்க்க வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "தண்ணி வருமா?" அதற்கு இரண்டு பொருள். கோடையில் கேட்டால் போரில் தண்ணீர் இருக்கிறதா, பாலாற்றுக் குழாயில் எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும், லாரிக்குச் சொல்ல வேண்டுமா என்று பொருள். ஐப்பசியில் கேட்டால் வீட்டுக்குள் வருமா என்று பொருள். 2015 டிசம்பர் 1 அன்று ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் அடையாறு தெருவாக ஓடியது. படகில் ஆட்களை ஏற்றினார்கள். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் தரைத்தளம் ஒரு விலை, முதல் மாடி ஒரு விலை. எங்கள் உறவுக்கார அக்கா ஒருவர் முடிச்சூரில் தரைத்தளத்தில் இருக்கிறார். வாடகை குறைவு என்று போனார். மழைக்காலம் வந்தால் பீரோவுக்கு அடியில் செங்கல் வைப்பார், கேஸ் சிலிண்டரைச் சங்கிலியால் ஜன்னலில் கட்டுவார், பிள்ளைகளின் சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் பையில் போட்டு மாடி வீட்டில் கொடுத்துவிடுவார். "ரெண்டாயிரம் மிச்சம்டா" என்பார். அந்த இரண்டாயிரம் ரூபாய்க்கு அவர் ஆண்டுக்கு மூன்று மாதம் தூங்காமல் இருக்கிறார்.

நாங்கள் சேலையூர்ப் பக்கத்து வீட்டைக் காலி செய்தபோது அட்வான்ஸில் பெயின்டுக்கு ஒரு மாதம், உடைந்த குழாய்த் திருகுக்கு 350, ஆணி அடித்த மூன்று ஓட்டைகளுக்கு 600 கழிந்தது. மீதியை இரண்டு தவணையாகக் கொடுத்தார்கள். இரண்டாவது தவணை, புது ஆள் அட்வான்ஸ் கொடுத்த பிறகு. வீட்டுக்கார அம்மா கடைசியாக ஒருமுறை டார்ச்சோடு வந்து சப்-மீட்டரைப் பார்த்து நீல நோட்டில் எழுதினார். என் மனைவிக்குக் குங்குமமும் பழமும் கொடுத்தார், கண்கலங்கினார். குட்டி யானை கேம்ப் ரோடு திரும்புவதற்குள் பலகை மறுபடியும் கேட்டில் ஏறியிருந்தது. வண்டியில் முன்னால் உட்கார்ந்திருந்த என் மைத்துனர் விளையாட்டுக்கு அந்த எண்ணைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"எத்தனை பேரு சார்? எங்க வேலை?"

பதில் சொன்னார்.

"பதினஞ்சு ஆகும் சார். அட்வான்ஸ் பத்து மாசம். தண்ணிப் பிரச்சினையே கிடையாது."